தட்டினால் செல்லாது

வியர்வை காயாத விரிப்பில் கால் வைத்தால் வழுக்கும், சார். அதனால் சண்டைப் பயிற்சி வகுப்பு தொடங்குமுன் விரிப்பை நானேதான் துடைப்பேன். அன்றைக்கும் துடைத்தேன். நான் கவனமில்லாத ஆள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்றுதான் இதைச் சொல்கிறேன்.

அன்றைய பாடம், தரையில் வைத்து அடிப்பது. விழுந்தவனின் மார்பில் ஏறி உட்கார்ந்து, முட்டிகளால் அவன் கைகளை அமுக்கிக்கொண்டு, முகத்தில் குத்த வேண்டும். கீழே கிடப்பவன் இடுப்பைத் தூக்கி, மேலே இருப்பவனைப் புரட்டித் தப்பிக்க வேண்டும். மற்றப் பாடங்களில் வலி தாங்காதவன் விரிப்பைத் தட்டினால் விட்டுவிடுவார்கள். இந்தப் பாடத்தில் மட்டும் தட்டினால் செல்லாது. ஒரு குத்து பட்டதுமே தட்டிவிட்டு எழுந்து போனால், தப்பிக்க எப்போது பழகுவது? நான் "போதும்" என்று சொன்னால்தான் நிறுத்த வேண்டும். என் வகுப்பில் அதுதான் சட்டம்.

நான் செய்து காட்டிக்கொண்டிருந்தபோது மைத்துனன் குறுக்கே புகுந்தான். மனைவியின் தம்பி. என்னிடம் கற்றவன், இப்போது எனக்கு உதவியாகச் சொல்லித் தருகிறவன்.

"மாமா, அப்படி உட்கார்ந்தா பச்சைக் குழந்தைகூடப் புரட்டிடும்."

சொன்னதோடு நிற்கவில்லை. கீழே படுத்து, என்னைப் புரட்டியும் காட்டினான்.

"பயப்படாதீங்க மாமா, அக்காகிட்ட சொல்ல மாட்டேன்."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். விழுந்தவன் சிரிக்காவிட்டால் இன்னும் அசிங்கம். ஆனால் சிரிப்பு அடங்கிய பிறகு, அடுத்து என்ன செய்வதென்று எல்லோரும் அவன் முகத்தைத்தான் பார்த்தார்கள். என் முகத்தை அல்ல.

"சரிடா மாப்ளே, எங்கே, இவன்கிட்டத் தப்பிச்சுக் காட்டு," என்று லாரியைக் கூப்பிட்டேன். ஆள் அவ்வளவு பெரியவன் என்பதால் அந்தப் பட்டப்பெயர். மரச்சாமான் கடையில் பீரோ தூக்குகிறவன். எறும்பைக்கூட மிதிக்காமல் ஒதுங்கி நடப்பான். என் சொல்லை மட்டும் தாண்ட மாட்டான்.

"மெதுவாத்தானே மாஸ்டர்?"

"முழு பலம்."

முதலில் மைத்துனன் சிரித்தபடிதான் கிடந்தான். பிறகு இடுப்பைத் தூக்கிப் பார்த்தான். லாரி அசையவில்லை. லாரியின் முட்டிக்கு வெளியே நீண்டிருந்த மைத்துனனின் விரல்கள் மட்டும் விரிப்பைத் தட்டின. "மாமா" என்றான். லாரி அழுதுகொண்டே குத்தினான், சார். "சொல்லுங்க மாஸ்டர், சொல்லிடுங்க மாஸ்டர்" என்று கெஞ்சிக்கொண்டே குத்தினான். மற்றவர்கள் சுவரோரம் நின்று என் வாயையே பார்த்தார்கள். ஒருவரும் நகரவில்லை. அவ்வளவு ஒழுங்காகப் பழக்கியிருந்தேன்.

அதிர்ச்சியில் தொண்டை அடைத்துக்கொண்டது, குரல் வரவில்லை. இதைத்தான் எல்லோரிடமும் சொன்னேன். மனைவியும் நம்பினாள். ஆஸ்பத்திரியில் அவள் தம்பிக்கு அவளையே அடையாளம் தெரியவில்லை. தண்ணீர் புகட்டினால் கடைவாயில் வழிந்துவிடுகிறது. அதைத் துடைத்துக்கொண்டே, "நீங்க என்னங்க பண்ணுவீங்க பாவம்" என்று அவள்தான் என்னைத் தேற்றினாள்.

லாரியைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். எதைக் கேட்டாலும் "நான்தான் அடிச்சேன்" என்பதைத் தவிர வேறு சொல்வதில்லையாமே? என்னைப் பற்றி மூச்சு விடவில்லையாமே? அதற்காகத்தான் வந்தேன்.

குரல் வந்தது, சார். நன்றாகவே வந்தது. நடுவில் லாரியின் கை தளர்ந்துபோய், குத்து பட்டும் படாமலும் விழ ஆரம்பித்தது. "தோளிலிருந்து குத்து" என்றேன். உடனே திருத்திக்கொண்டான்.

வாத்தியார் ஆயிற்றே, சார். கண்ணெதிரே ஒருவன் தப்பாகச் செய்யும்போது எப்படி வாயை மூடிக்கொண்டு நிற்பது?