லாமர்ட்டின் குட்டி

வெயில் நாட்டில் குதிரை வளர்க்க நினைப்பவர்கள் முதலில் நல்ல மின்விசிறிகளை வாங்க வேண்டும். எங்களைப் பார்க்க வந்த எல்லோரிடமும் நான் சொன்ன முதல் பாடம் அதுதான். செமிலிங் என்ற மலாய் நாட்டுச் சிற்றூரில், ரப்பர் மரங்களை வெட்டிய நிலத்தில், நானும் என் மனைவி காஞ்சனாவும் வார்ம்பிளட் குதிரைகளை வளர்த்தோம். தடை தாண்டும் போட்டிக்கென்றே ஐரோப்பாவில் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்த ரத்தம் அது. பழக்குவது அவள் வேலை. எந்தப் பெட்டைக்கு எந்தப் பொலிகுதிரை என்று தீர்மானிப்பது என் வேலை. பொலிகுதிரைகள் இங்கே வருவதில்லை. அவற்றின் விந்துதான் மெல்லிய குழல்களில் உறைந்து, நைட்ரஜன் கலத்தில் வந்து சேரும்.

இந்த வேலையில் உள்ள எரிச்சல் வெளியாருக்குப் புரியாது. ஒரு முடிவு சரியா தவறா என்று தெரியப் பல வருடங்களாகும். குட்டி பிறந்து, வளர்ந்து, சேணம் ஏற்று, பெரிய தடையின் முன் வந்து நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். வாங்கியவர்களோ ஒரே புகாரோடு திரும்பி வந்தார்கள்: துள்ளுகிறது, பிள்ளைகள் பயப்படுகிறார்கள். தங்கள் பிள்ளைகளுக்கு வேண்டியது ஒரு சோபா என்று அவர்கள் முன்பே சொல்லியிருக்கலாம்.

காஞ்சனாவும் மெல்ல அந்தப் பக்கம் சாய்ந்தாள். என் குதிரை ஒன்றிலிருந்து விழுந்ததில் அவள் முதுகெலும்பில் தகடு வைத்திருந்தார்கள். இன்னொரு முறை விழக்கூடாது என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். அவளுக்குச் சவாரியை விட மனமில்லை. கடைசியாக ஒரு குதிரை, அது சாதுவாக இருக்கட்டும் என்றாள். வெரா என்ற எங்கள் பெட்டைக்கு லாமர்ட் என்ற பொலிகுதிரையை அவளே தேர்ந்தெடுத்துவிட்டாள். லாமர்ட்டின் பிள்ளைகள் சாது, ஆனால் உயரம் தாண்டாதவை. நான் ரெக்வினைச் சொன்னேன். ரெக்வினின் பிள்ளைகள் எதையும் தாண்டும். ஒரே ஒரு குணம்: தடைக்கு முன்னால் கடிவாள வாரை இழுத்துப் பிடித்தால் பொறுக்காமல் பின்னங்காலில் எழுந்துவிடும். சில அப்படியே மல்லாந்து விழும். வாரைத் தளர்த்தத் தெரிந்தவருக்கு அது ஒரு குறையே இல்லை.

“எங்கப்பா எனக்கு மாப்பிள்ளை பாத்தப்ப இவ்ளோ பரம்பரை தேடல லா,” என்று சிரித்தாள் காஞ்சனா. “தேடியிருந்தா நீங்க வந்திருக்கவே மாட்டீங்க.”

“தாண்டாத குதிரைய வச்சிக்கிட்டு என்ன செய்யப் போற? பாசாருக்குப் போகப் போறியா?”

“போவேன். கங்கோங் கீரை வாங்கிட்டு ஆடி அசைஞ்சு வருவேன். உங்களுக்கு ராக்கெட் வேணும்னா தனியா வாங்கிக்குங்க. எனக்கு என் முதுகு வேணுங்க.”

அவள் பேச்சில் நியாயம் இருந்தது. ஆனால் வெராவுக்கு வயதாகிவிட்டது. அது ஈனப்போவது அநேகமாகக் கடைசிக் குட்டி. அதை லாமர்ட்டுக்குக் கொடுப்பது எனக்குத் தாளவில்லை.

சினை ஊசி போடுவது நான்தான். காஞ்சனா வெராவின் தலையைப் பிடித்துக்கொண்டு அதன் காதில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். லாமர்ட்டின் குழல் மஞ்சள், ரெக்வினுடையது நீலம். நான் நீலத்தை எடுத்தேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்துக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

குட்டிக்குத் தந்தை பெயரின் முதல் ஆங்கில எழுத்தில் பெயர் வைப்பது இந்தத் தொழிலின் வழக்கம். ‘லோகு’ என்று வைத்தாள். நான் ஒருநாளும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை; ‘குதிரை’ என்றே சொல்லிவந்தேன். பொய் பேசுவது எனக்குப் பிடிக்காது. தகப்பனை உறுதிசெய்ய வால்முடியை அனுப்பும் பரிசோதனையை மட்டும் தள்ளிப்போட்டேன்.

லோகு நாய்க்குட்டிபோல் அவள் பின்னால் திரிந்தது. “பாத்தீங்களா, லாமர்ட் ரத்தம்!” என்று என்னைச் சீண்டுவாள். அதைக் கேட்டுக்கொண்டு வாயை மூடியிருப்பது பெரிய வேதனை. முழங்கால்களை நெஞ்சுவரை மடக்கும் விதம், முதுகு வளையும் விதம், எல்லாமே ரெக்வின். பெயர் மட்டும் லாமர்ட்டுக்கு.

அவள் பாக்கார் ஆராங்கில் தன் தம்பி மனோகரன் வீட்டுக்குப் போயிருந்தபோது நானே ஏறினேன். ஒரு தடையின் முன் வாரை இழுத்துப் பிடித்தேன். எழுந்தது. தளர்த்தினேன், இறங்கியது. மறுபடி பிடித்தேன், மறுபடி எழுந்தது. நான் நினைத்தது சரி. அந்தச் சந்தோஷத்தை யாரிடமும் பகிர்ந்துகொள்ள முடியவில்லை.

அவளிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் அதன்மேல் ஏறமாட்டாள். முதலில் ஒரு பெரிய தடையைத் தாண்டட்டும், பிறகு அவளே ஒப்புக்கொள்வாள் என்று நினைத்தேன். சின்னத் தடைகளை அது நிதானமாகத் தாண்டியதால் அவள் வாரை இறுக்க வேண்டியிருக்கவில்லை.

அன்று காலை தடையை உயர்த்தியது நான்தான்.

“போதுங்க. லாமர்ட் பிள்ளைக்கு இது அதிகம்.”

“தாண்டும். போ.”

உயரத்தைக் கண்டதும் குதிரை வேகமெடுத்தது. முதுகுக்குப் பயந்து அவள் இழுத்துப் பிடித்தாள். அது எழுந்தது. ‘விடு’ என்று ஒரு சொல் சொல்ல அவகாசம் இருந்தது. நான் அந்தப் பின்னங்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அத்தனை எடையையும் எவ்வளவு உறுதியாகத் தாங்குகின்றன என்று. அவள் இன்னும் இழுத்தாள். குதிரை அவள்மேல் மல்லாந்தது.

அவளுடைய காரியம் முடிந்த பிறகு மனோகரன் கேட்டான். “சாதுவான ரத்தம்னு அக்கா சொல்லிட்டே இருப்பாளே மச்சான். அவதான் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டாளா?”

“வாரை இழுத்துப் பிடிச்சிட்டா,” என்றேன். அதில் ஓர் எழுத்தும் பொய்யில்லை.

அவனுக்கு மனம் ஆறவில்லை. விந்து அனுப்பியவர்கள் ஏமாற்றியிருக்க வேண்டும் என்று சொல்லி, லோகுவின் வால்முடியைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறான். செய்யாத தவறுக்கு அவர்கள் பழி ஏற்பது முறையில்லை. அதனால்தான் இதை உங்கள் காவல் நிலையத்துக்கு எழுதுகிறேன். முடிவில் ரெக்வின் என்றுதான் வரும். குழலை மாற்றியவன் நான். தெரிந்தே அவளை அதன்மேல் ஏற்றியவனும் நான். அதற்குரியதைச் செய்யுங்கள்.

அவள் இல்லாத வீட்டில் எனக்குச் சோறு இறங்குவதில்லை. இருந்தாலும் ஒன்றை மட்டும் என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை. இத்தனை வருடம் குதிரை ஏறியவள், தன் தொடைக்குக் கீழே இருப்பது யாருடைய பிள்ளை என்று உணர்ந்திருக்க வேண்டாமா?