மதிப்பீட்டாளர் பார்மென்டர்

எங்கள் இதழை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அதற்காக வருத்தப்பட வேண்டாம். ஆண்டுக்கு நான்கு முறை வருகிறது, பூச்சிகளைப் பற்றி மட்டுமே பேசுகிறது. மிச்சிகனில் இருக்கும் பூச்சியியலாளர்களிலேயே பாதிப் பேர் அதைப் பிரித்துப் பார்ப்பதில்லை. இருபத்தாறு ஆண்டுகளாக நான் அதன் ஆசிரியர். பெயர் கார்ல் நைமன். பல்கலைக்கழக விசாரணைக் குழுவிலிருந்து நீங்கள் வந்திருப்பது ஹியூ பார்மென்டர் யார் என்று கேட்க. சொல்கிறேன். ஆனால் தொடக்கத்திலிருந்து சொல்ல விடுங்கள். நடுவிலிருந்து சொன்னால் நான் கெட்டவனாகத் தெரிவேன்.

ஓர் இதழின் செல்வாக்கை அளக்க வகுத்தல் கணக்கு தெரிந்தால் போதும். முந்தைய இரண்டு ஆண்டுகளில் நாங்கள் வெளியிட்ட கட்டுரைகளை இந்த ஆண்டில் உலகம் எத்தனை முறை மேற்கோள் காட்டியது என்று எண்ணி, கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். எங்களுக்குப் பல ஆண்டுகளாக அரையைச் சுற்றியே வந்தது. அந்தக் காலத்தில் சோளத் தண்டுப் புழுவும் ஆப்பிள் அந்துப்பூச்சியும் எங்கள் பக்கங்களை நிறைத்தன. உழவர்கள் அவற்றைப் படித்தார்கள், மேற்கோள் காட்டவில்லை. பிறகு மருந்துகளின் காலம் வந்தது. அதன் பிறகு மரபணு. நல்ல கட்டுரைகள் பெரிய இதழ்களுக்குப் போயின. எங்களுக்கு வந்தவை அங்கே திருப்பி அனுப்பப்பட்டவை.

இதழை நடத்தும் சங்கம் மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு கடிதம் அனுப்பியது. செல்வாக்கு எண் ஒன்று என்ற அளவைத் தொடாவிட்டால் இதழை மூடிவிட்டு வேறொன்றோடு சேர்த்துவிடுவோம் என்றது. அன்று என் விரல்கள் குளிர்ந்தது நினைவிருக்கிறது. மே மாதம், வெயில் அடித்துக்கொண்டிருந்தது. என் மனைவி இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன, பிள்ளைகள் இல்லை. இதழும் போனால் காலையில் எழுந்து எங்கே போவேன் என்று நினைத்தேன். அந்தப் பயம் என்னோடு வந்து உட்கார்ந்துகொண்டது. இன்றுவரை எழுந்திருக்கவில்லை.

அதே ஆண்டில் ஓர் அதிர்ஷ்டமும் வந்தது. மினசோட்டாவிலிருந்து ஒருவர் கொசு மருந்து பற்றிக் கட்டுரை அனுப்பினார். ஒரே மருந்தை மூன்று வாரத்துக்கு ஒருமுறை, குறைந்த அளவில் தெளித்தால் கொசுக்கள் அதற்குப் பழகவே பழகாது என்பது அவர் முடிவு. மூன்று கோடைகளின் கணக்கு மட்டும்தான் அவரிடம் இருந்தது. கொஞ்சம் மெல்லிய சான்று. ஆனாலும் வெளியிட்டேன். ஊர் ஊராக அதைப் பின்பற்றினார்கள், எல்லோரும் மேற்கோள் காட்டினார்கள். என் வாழ்நாளில் எங்கள் இதழை யாரும் அப்படித் தேடி வந்ததில்லை.

அதைப் பின்பற்றிய முதல் கோடை முடிந்து வந்த ஜனவரியில் ரமோனா ஸ்டாசியாக்கின் கட்டுரை வந்தது.

வடக்கே ஆல்டர் கவுண்டி என்ற மாவட்டத்தில் கொசு ஒழிப்புப் பிரிவில் வேலை செய்பவள். முனைவர் பட்டம் இல்லை. அவளும் அவள் கணவன் டேலும்தான் அந்தப் பிரிவே. அவள் எண்ணுவாள், அவன் மருந்து வண்டி ஓட்டுவான். முந்தைய கோடையில் நான் அவர்கள் ஊர்ச் சதுப்புகளைப் பார்க்கப் போனபோது, வெள்ளிக்கிழமைதோறும் ஊரில் நடக்கும் மீன் விருந்தில் இருவரோடும் உட்கார்ந்து பெர்ச் மீன் வறுவல் சாப்பிட்டிருக்கிறேன்.

"கொசுவுக்கெல்லாமா பத்திரிகை நடத்துறீங்க டாக்டர்?" என்றான் டேல். "அதுல கிசுகிசு வருமா?"

"வாயை மூடிட்டுத் தின்னு" என்றாள் ரமோனா. "இவன் வண்டியில போய் அடிக்கிற மருந்தவிட நான் கையால தட்டினா அதிகம் சாகும் டாக்டர்."

"கேட்டீங்களா? பதினாறு வருஷமா இதே மரியாதைதான் எனக்கு" என்று சொல்லி என் தட்டில் இன்னொரு மீனை வைத்தான்.

அவள் வேடிக்கையாகச் சொன்னதைத்தான் பிறகு கட்டுரையாக எழுதியிருந்தாள். கண்ணாடிக் குப்பிகளின் உட்புறம் மருந்தைப் பூசி, சதுப்பிலிருந்து பிடித்த கொசுக்களை உள்ளே விட்டு, இரண்டு மணி நேரம் கழித்து எண்ணியிருக்கிறாள். எல்லாம் செத்திருக்க வேண்டும். நூற்றில் அறுபத்தெட்டு பறந்துகொண்டிருந்தன. மினசோட்டாக்காரர் சொன்ன முறையிலேயே மருந்தடித்த ஊர் அது. குதிரை மூளைக்காய்ச்சலைச் சுமக்கும் கொசுக்களும் அந்தச் சதுப்புகளில் உண்டு. மனிதருக்கு அது வருவது அரிது. வந்தால் மூன்றில் ஒருவர் பிழைப்பதில்லை.

நான் அதை இரண்டு முறை படித்தேன். குறை சொல்ல எதுவும் இல்லை. அதை அச்சிட்டால் எங்கள் பெயர்பெற்ற கட்டுரை சரியும். அதோடு எண் சரியும். எண்ணோடு இதழ்.

இங்கேதான் பார்மென்டர் வருகிறார். அவரை எட்டு ஆண்டுகளுக்கு முன் உருவாக்கினேன். கட்டுரைகளை வெளியிடும் முன் மதிப்பிட வெளி அறிஞர்கள் யாரும் முன்வருவதில்லை. மாதக்கணக்கில் பதில் போடமாட்டார்கள். ஒருநாள் நானே மதிப்பீட்டை எழுதி, பழைய தொலைபேசிப் புத்தகத்திலிருந்து ஒரு பெயரை எடுத்துக் கீழே போட்டேன். யாருக்கும் கெடுதல் இல்லை. பார்மென்டர் கறாரானவர், ஆனால் நியாயமானவர். கட்டுரை எழுதுபவர்களிடம் எங்கள் இதழின் அண்மைக் கட்டுரைகளையும் மேற்கோள் காட்டச் சொல்வார். அவர்களும் காட்டுவார்கள்.

ரமோனாவின் கட்டுரையைப் பார்மென்டர் நிராகரிக்கவில்லை. மாதிரி போதாது, இன்னொரு கோடை முழுவதும் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள் என்று மட்டும் எழுதினார். எந்த நல்ல மதிப்பீட்டாளரும் கேட்கக்கூடியதுதான். அதோடு நான் ஒரு வரி சேர்த்தேன்: வெளியாவதற்கு முன் முடிவுகளை யாரிடமும் பகிர்ந்தால் கட்டுரையை ஏற்க இயலாது.

அவள் அந்த வரிக்குக் கட்டுப்பட்டாள். அதுதான் அவள் குணம்.

ஜூன் கடைசியில் தொலைபேசியில் அழைத்தாள். "டாக்டர், இங்க ஒரு குதிரை செத்துப்போச்சு. மூளைக்காய்ச்சல்னு ஆய்வகம் சொல்லிருச்சு. நான் கவுண்டி போர்டுல போய்ச் சொல்லிடவா? மருந்து வேலை செய்யலன்னு?"

"உங்கள் எண்ணிக்கை சரிதான் என்று நிச்சயமாகத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியும்னுதான் நெனச்சேன். ஆனா அந்த பார்மென்டர் சந்தேகப்படுறாரே. அவர் பெரிய ஆளா டாக்டர்?"

"மிகக் கவனமானவர்" என்றேன்.

அன்றிலிருந்து தொலைபேசி மணி அடிக்கும்போதெல்லாம் பயந்துகொண்டே எடுத்தேன். எடுக்காமல் விட்டால் அதைவிட மோசமாக இருந்தது. ஜூலையில் இரண்டாவது குதிரை. அந்த ஊர்ச் சுகாதார அதிகாரியே என்னை அழைத்தார். ரமோனா ஏதோ சோதனை செய்து எங்கள் இதழுக்கு அனுப்பியிருப்பதாகப் பேச்சு அடிபடுகிறது, மருந்தை மாற்ற வேண்டுமா என்று கேட்டார். மாற்று மருந்து கிடங்கில் தயாராக இருந்தது, ஒரு கையெழுத்துப் போதும். நான் எழுத்தில் பதில் தருவதாகச் சொன்னேன். மூன்று முறை எழுதிக் கிழித்தேன். கடைசியில் அனுப்பியது ஒரே வாக்கியம்: "அந்த ஆய்வு மதிப்பீட்டில் நிற்கவில்லை."

அது பொய்யில்லை. மதிப்பீட்டில் அது நிற்கத்தான் இல்லை.

பழைய மருந்தையே அடித்தார்கள். வாரத்துக்கு நான்கு மாலை டேல் வண்டி ஓட்டினான். தன் பின்னால் மருந்துப் புகை போகும்போது கொசு எப்படிக் கடிக்கும் என்று சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு, சன்னலைத் திறந்து வைத்து ஓட்டுவானாம்.

ஆகஸ்ட் இரண்டாவது வாரத்தில் முதல் மரணம். ஓய்வுபெற்ற தபால்காரர். பிறகு ஏரிக்கரை முகாமுக்கு வந்த ஒன்பது வயதுச் சிறுமி. செய்தித்தாள் மொத்தம் ஐந்து பேர் என்றது. அதில் ஒருவருக்கு முன்பே இதயநோய். நான் எழுதினால் நான்கு என்றுதான் எழுதுவேன்.

அந்த நாட்களில் வீட்டுச் சன்னல்களின் இடுக்குகளை ஒட்டுநாடாவால் அடைத்தேன். எங்கள் ஊர் அங்கிருந்து இருநூறு மைல் என்று எனக்குத் தெரியும். ஒரு நண்பகலில் அலுவலகத்தில் காதருகே ரீங்காரம் கேட்டது. முப்பத்தெட்டு ஆண்டுகள் கொசுக்களைக் கையில் வைத்துப் பழகியவன் நான். மேசைமேல் வந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். சாதாரண வீட்டுக் கொசு, தீங்கற்றது. அது தானாகப் பறந்து போகும்வரை ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அக்டோபரில் ரமோனா சொல்லாமல் கொள்ளாமல் நேரே வந்தாள். கதவில் பார்த்ததும், அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். தப்ப முடியுமா என்று பின்கதவைக்கூடப் பார்த்தேன்.

அவள் உட்கார்ந்து, கையுறைகளைக் கழற்றி மடிமேல் வைத்தாள். மிகவும் மெலிந்திருந்தாள்.

"டேலுக்கு வந்துருச்சு டாக்டர். செப்டம்பர்ல. உசிர் இருக்கு. ஸ்பூன் பிடிக்கத் தெரியல. என்னைப் பாத்து, 'நர்சம்மா, என் பொண்டாட்டி எப்ப வருவா'ன்னு கேக்குறான்."

நான் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். அவள் குடிக்கவில்லை.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கத்தான் நாலு மணி நேரம் ஓட்டிட்டு வந்தேன். மறைக்காம சொல்லுங்க. நான் எண்ணினது சரியா, தப்பா? தப்புன்னா இது விதி, அழுதுட்டுப் போயிடுவேன். சரின்னா, தெரிஞ்சும் வாயைத் திறக்காம இருந்து எம்புருசனை நானே கொன்னிருக்கேன். அந்தச் சின்னப் பொண்ணையும்."

இந்த இடத்தை நீங்கள் கவனமாகக் குறித்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். உண்மையைச் சொல்ல எனக்கு வாய்ப்பு இருந்தது. சொல்லியிருந்தால் அந்தப் பெண் என்ன ஆகியிருப்பாள்? அவள்மேல் இரக்கப்பட்டேன். கூடவே, அவள் கண்கள் என்மேல் இருந்தவரை, நான் பயந்துகொண்டிருந்ததையும் மறைக்கவில்லை.

"தப்பு" என்றேன். "குப்பிகளில் மருந்து சரியாகப் பூசப்படவில்லை. பார்மென்டர் அதைக் கண்டுபிடித்துவிட்டார். மருந்து நன்றாகத்தான் வேலை செய்கிறது."

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு எழுந்து என் கையைப் பிடித்தாள். "அவருக்கு என் நன்றியச் சொல்லுங்க" என்றாள்.

அவள் போனபின் மதிய உணவைச் சாப்பிட்டேன். பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் பசித்தது.

மீதி உங்களுக்குத் தெரியும். இதழின் நாற்பது ஆண்டுப் போக்குகளைப் பற்றி, எந்தப் பூச்சி எப்போது பேசப்பட்டது, யார் யாரை மேற்கோள் காட்டினார்கள் என்று ஓர் ஆய்வு வேண்டுமெனச் சங்கம் கேட்டது. நூலகத்தில் இருக்கும் ஜூடித் வாண்டர்மோலன், பழைய மதிப்பீட்டுக் கோப்புகளையும் சேர்த்து, அதை எடுத்துக்கொண்டாள். வெட்டுக்கிளி போல ஒவ்வொரு வரியையும் அரித்துத் தின்பவள். மார்ச்சில் ஒருநாள் என் மேசையில் ஒரு வரைபடத்தை விரித்தாள்.

"யாரு டாக்டர் இந்த பார்மென்டர்? முப்பத்தோரு கட்டுரைய மதிப்பிட்டிருக்காரு. முப்பதுல நம்ம இதழையே மேற்கோள் காட்டச் சொல்லியிருக்காரு. ஆனா சொந்தமா ஒரு கட்டுரைகூட எழுதல. மனுசன் பொறந்ததுக்கே அத்தாட்சி இல்ல."

"கூச்ச சுபாவம்" என்றேன்.

"பேய்க்குக்கூட இதவிட அதிகமா விலாசம் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். மறுநாள் உங்களுக்கு எழுதியிருக்கிறாள்.

மேற்கோள் காட்டச் சொல்லாத அந்த ஒரே மதிப்பீடு ரமோனாவின் கட்டுரைக்கு எழுதியது. கட்டுரை இதோ இந்த இழுப்பறையில் இருக்கிறது. எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் எண்கூடத் தவறில்லை. குப்பிகள் சரியாகப் பூசப்பட்டிருந்தன. பார்மென்டர் நான்தான். அந்த ஊருக்குக் கடிதம் எழுதியதும் நான்தான். நான்கு பேரும், வேண்டுமானால் ஐந்து பேரும், என் கணக்கில்தான் வருவார்கள். டேலும். இதில் எந்த வாக்கியத்தின் கீழும் கையெழுத்திடுகிறேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. தன் எண்ணிக்கை தவறு என்று நம்பியதால், இந்தக் கோடையிலும் அதே மருந்தையே அடிக்கும்படி ரமோனா அவர்கள் போர்டுக்குப் பரிந்துரைத்திருக்கிறாள். போன வாரம் கடிதம் போட்டிருந்தாள். வண்டியை இப்போது அவளே ஓட்டுகிறாள். நாற்காலியில் வைத்துக் கட்டி டேலையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிறாளாம். காற்றாட இருந்தால் அவன் அமைதியாக இருக்கிறானாம். இன்று செவ்வாய், மாலை ஆறரைக்குக் கிளம்புவார்கள்.

நீங்கள் தொலைபேசியை எடுக்கிறீர்கள். புரிகிறது. உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதையே செய்வேன். ஆனால் இந்த ஆண்டுக்கான செல்வாக்கு எண் அடுத்த புதன்கிழமை வெளியாகிறது. ஒன்று புள்ளி இரண்டு வரும் என்று கணக்கிட்டிருக்கிறேன். எட்டே நாள்தான். அதுவரை மட்டும் இதை வெளியே சொல்லாமல் இருக்க முடியுமா?