ஏழு நாளைக்கான கையெழுத்து

மலை ஏறப் போகிறவர்கள் புதுக் காலணியோடு போகக் கூடாது. இரண்டு வாரமாவது போட்டு நடந்து பழக்கியிருக்க வேண்டும். நான் அபுதாபியில், முசஃபாவில் லாரிகளுக்கும் கராஜ்களுக்கும் நடுவே தூசியில் நடந்து பழக்கினேன். என் மனைவி லீமா அதைச் செய்யவில்லை. இரண்டாம் நாளே அவளுக்குக் குதிகாலில் கொப்புளம்.

நீங்கள் கேட்டது பிரைட்டைப் பற்றி. தெரியும், சார். வரிசையாகச் சொன்னால்தான் விளங்கும்.

எண்ணெய்க் கசடு ஏற்றும் டேங்கர் லாரிகளைக் கழுவி, வெல்டிங் செய்து கொடுக்கிற யார்டு எங்களுடையது. நான் அங்கே பதினொரு வருடமாக ஸேஃப்டி ஆபீசர். டேங்குக்குள் ஆள் இறங்குவதற்கு முன், வாயு மீட்டரைக் கயிற்றில் கட்டி மேன்ஹோல் வழியாக உள்ளே விடுவேன். விஷவாயு இல்லையென்று அது காட்டினால் அளவை எழுதி பெர்மிட்டில் கையெழுத்துப் போடுவேன். அந்தத் தாள் இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது. பிரைட் எங்கள் ஃபோர்மேன், குளச்சல் பக்கத்து ஆள். அவனுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே நான்தான். அவன் மனைவி ஜினி ஊரில் இருக்கிறாள்.

இத்தனை வருட லீவும் கல்யாணம், கருமாதி, வீட்டு வேலை என்று ஊருக்கே போய்விட்டது. லீமா ஆஸ்பத்திரியில் நர்ஸ். "எங்கயாச்சும் மனுசன் சத்தம் கேக்காத எடமாப் போவோம்" என்றாள். இந்தோனேசியாவில் ஒரு சின்ன எரிமலைத் தீவைத் தேர்ந்தெடுத்தோம். நடப்பதற்கு மலை, படுத்துக் கிடப்பதற்குக் கடற்கரை, வேறொன்றும் இல்லை.

எனக்குப் பதில் ஆள் போட மாட்டோம் என்றார்கள். அதனால் ஏழு நாளைக்கான பெர்மிட்டுகளிலும் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டேன். ஏழு காலைகள், ஏழிலும் விஷவாயு பூஜ்யம். இந்தத் தொழிலில் இது புதிதல்ல. பிரைட் அந்தக் கட்டைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தான்.

"அண்ணே, அடுத்த வாரத்துக் காத்த இப்பமே மோந்து பாத்துட்டியளா?"

நானும் சிரித்தேன். தாள் தாளோடு இருக்கட்டும், மீட்டர் விட்டுப் பார்த்துவிட்டே இறங்கு என்றேன். மீட்டர் அலமாரியில் இருக்கிறது என்றும் சொன்னேன். அப்போது அது அலமாரியில்தான் இருந்தது.

கிளம்புவதற்கு முந்திய நாள் அந்த மலையைப் பற்றிப் படித்தேன். உச்சியிலுள்ள பள்ளத்திலிருந்து சில நேரம் விஷவாயு வரும் என்று போட்டிருந்தது. பெயரைப் பார்த்தேன். எங்கள் டேங்குகளில் வருகிற அதே வாயு. மனைவியை அப்படி ஓர் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறவன் வெறுங்கையோடு போக முடியாது. யார்டில் இருந்தது ஒரே மீட்டர். அதை என் பையில் வைத்தேன்.

தீவு நன்றாக இருந்தது. ஹாரன் இல்லை. மணல் கறுப்பு, பத்து மணிக்கெல்லாம் கால் வைக்க முடியாது. கரையோரம் ஒரு வெந்நீர் ஊற்று. முதல் நாள் லீமா பத்து மணி நேரம் தூங்கினாள். அவள் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை.

மூன்றாம் நாள் மலை ஏறினோம். பாதையெல்லாம் கரிக்கட்டை போன்ற கற்கள். மிதித்தால் கண்ணாடி நொறுங்கும் சத்தம். வழிகாட்டி மூக்கில் கட்டிக்கொள்ள ஈரத் துணி கொடுத்தார். நான் மீட்டரை எடுத்துச் சட்டையில் மாட்டினேன்.

"இது கம்பெனிக்குள்ளதுல்லா? எதுக்குக் கொண்டு வந்திய?" என்றாள் லீமா.

"ஒனக்காகத்தான்" என்றேன். அது உண்மை.

பள்ளத்தின் விளிம்பில் கந்தகம் மஞ்சளாகப் படிந்திருந்தது. ஆவி எங்கள் பக்கம் திரும்பியதும் மீட்டர் அலறியது. முப்பத்தெட்டு. பத்திலேயே விலகிவிட வேண்டும் என்பது விதி. இன்னும் படம் எடுக்கவில்லை என்றாள் லீமா. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினேன். வழிகாட்டி சிரித்தார். நான் பொருட்படுத்தவில்லை. இருபது நிமிடம் கீழே வந்து ஒரு பாறையில் உட்கார்ந்தோம். அங்கே ஃபோனில் சிக்னல் இருந்தது. இல்லாமல் இருந்திருந்தால் இந்த அறையில் எனக்கு வேலையில்லை.

பிற்பகலில் ஹஸ்னைன் கூப்பிட்டான். மேன்ஹோல் வாயில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவன் டியூட்டி. ஏணியில் மூன்றாம் படியிலேயே பிரைட் விழுந்துவிட்டான் என்றான். பின்னால் குதிக்கப் போன ஹஸ்னைனை நான்கு பேர் பிடித்து நிறுத்தினார்களாம். கயிற்றை இழுத்து வெளியே எடுப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. "பாய், மீட்டர் கஹாங் தா?" மீட்டர் எங்கே இருந்தது என்று அவன் திரும்பத் திரும்பக் கேட்டான். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

டிக்கெட்டை மாற்ற முயன்றும் கிடைக்கவில்லை என்று யார்டில் சொன்னேன். முயலவில்லை. நான் முன்கூட்டி வந்து அவனுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. லீமா அழுதுகொண்டே இருந்தாள். வெந்நீர் ஊற்றுக்குக் கூட்டிப் போனேன், கொப்புளத்துக்கும் நல்லது.

திரும்பி வந்ததும் மீட்டரை அலமாரியில் வைத்தேன். அதன் நினைவில் தேதியும் நேரமும் பதிந்திருக்கும். அழிக்க எனக்குத் தெரியும். அழிக்கவில்லை, அதையும் நீங்கள் கணக்கில் எடுக்க வேண்டும். உங்கள் ஆட்கள் கம்ப்யூட்டரில் போட்டபோது முப்பத்தெட்டு வந்தது. பிரைட் செத்த அதே நாள், அபுதாபி நேரம் காலை ஆறு நாற்பது. அதை டேங்கில் அளந்த அளவு என்று நினைத்தீர்கள். மீட்டரே இல்லை என்று ஹஸ்னைன் சொன்னதை நம்பாமல், அலாரம் அடித்தும் மதிக்காமல் பிரைட் இறங்கினான் என்று எழுதினீர்கள். அப்படித்தானா என்று என்னை யாரும் கேட்கவில்லை. நான் சொல்லவுமில்லை. ஜினிக்கும் அந்த அறிக்கைதான் போனது.

இப்போது பிரைட்டின் ஃபோனைப் பார்த்துவிட்டீர்கள். அன்று காலை ஏழு மணிக்கு எனக்கு ஓர் அழைப்பு, ஒரு நிமிடம் பதினேழு வினாடி. என்ன பேசினோம் என்கிறீர்கள். எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

"அண்ணே, மீட்டரு எங்க? அலமாரில காணல."

"அங்க இல்லியா?" என்றேன்.

"இல்ல. பத்து மணிக்கு வண்டி போணுமாம். மானேஜரு தலையில ஏறி நிக்காரு. நான் மேன்ஹோல்ல குனிஞ்சு பாத்தேண்ணே. மொதல்ல அழுவுன முட்ட நாத்தம், கொடலப் பொரட்டிச்சு. கொஞ்சம் நேரம் நின்னேன், இப்பம் ஒண்ணுமே இல்ல. காத்து போயிட்டுன்னு நெனைக்கேன். எறங்கட்டா?"

நாற்றம் நின்றுவிட்டால் வாயு போய்விட்டது என்று அர்த்தமில்லை, சார். மூக்கு செத்துவிட்டது என்று அர்த்தம். யார்டில் நான் எடுக்கிற ஸேஃப்டி வகுப்பில் முதல் பாடமே அதுதான்.

வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பான். மீட்டர் எங்கே என்று திரும்பவும் கேட்பான். மத்தியானத்துக்குள் தொழிலாளர் கேம்ப் முழுக்கச் சொல்லிச் சிரிப்பான். அது மானேஜர் காதுக்குப் போகும். என் வேலை போகும். அதன் பின்னால் விசா, வீடு எல்லாம் போகும். இவ்வளவையும் அந்தப் பாறையில் உட்கார்ந்து யோசித்தேன். நேரம் இருந்தது. என் சட்டையில் மீட்டர் பூஜ்யம் காட்டிக்கொண்டிருந்தது.

"எத்தன டேங்குல எறங்குன ஆளு நீ. ஒனக்குத் தெரியாததா மக்கா?" என்றேன்.

"அது செரி" என்றான். பிறகு, "எரிமல எப்பிடிண்ணே, பொகையுதா?"

"லேசா."

"பாத்து வாருங்க. அண்ணியக் கேட்டேன்னு சொல்லுங்க."

எழுதிக்கொள்ளுங்கள். இறங்கு என்று நான் சொல்லவில்லை. கேள்விதான் கேட்டேன். மூக்கு சாவதைப் பற்றிய அந்த வகுப்புக்கு பிரைட் ஒருநாளும் வந்ததில்லை. வேலை கிடக்கிறது என்பான். வருகைத் தாளை அவன் ரூமுக்கே கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கிக்கொள்வேன். ஆகவே அவனுக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டேன்.

ஆனால் ஒன்று, சார். அவனிடம் நான் பொய் சொல்லவில்லை. பிரைட்டிடம் நான் எப்போதும் அப்படித்தான்.