அசல் பெயிண்ட்

பனி காயாத புல்லை வெட்டக் கூடாது. எங்கள் பக்கத்தில் இது பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவனுக்கும் தெரியும். ஈரப் புல் கத்தியில் அப்பிக்கொள்ளும், சக்கரம் வழுக்கும், வெட்டிய தரையும் திட்டுத் திட்டாகத்தான் இருக்கும். பத்து மணிக்கு மேல் வெயில் ஏறிய பிறகு வெட்டினால் என்ன குடி முழுகிப் போகும்? லோவெல் கெர்பரிடம் இதை முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் காது கொடுத்துக் கேட்டிருந்தால் நீங்களும் நானும் இந்தப் போலீஸ் ஸ்டேஷன் மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை, மேடம்.

ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள், சொல்கிறேன். என் பெயர் வர்ஜில் ஆம்ஸ்டட்ஸ், வயது எழுபத்திரண்டு. பள்ளிப் பேருந்துகளுக்கு மெக்கானிக்காக முப்பத்து நான்கு வருடம் இருந்தேன். நான் பழுது பார்த்த பேருந்து ஒன்றுகூட வழியில் நின்றதில்லை. என்னை அவசரக்காரன் என்றோ அஜாக்கிரதையானவன் என்றோ இந்த ஜில்லாவில் யாரும் சொல்ல மாட்டார்கள். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

கார்வுட் என்று ஒரு சின்ன தொழிற்சாலை இங்கே இருந்தது. தோட்டத்து டிராக்டர் செய்தார்கள். கழுதை உயரம்தான் இருக்கும். ஆனால் புல் வெட்டும், உழும், குளிர்காலத்தில் பனியைத் தள்ளும். மொத்தம் ஏழு மாடல் போட்டு 1971இல் கடையை மூடிவிட்டார்கள். அதில் ஆறு என் கொட்டகையில் வரிசையாக நிற்கின்றன. ஆறுமே சாவியைத் திருப்பினால் கிளம்பும். ஏழாவது, 1964ஆம் வருடத்துப் பன்னிரண்டு குதிரைத்திறன் வண்டி, சாலைக்கு அந்தப் பக்கம் லோவெலிடம் இருந்தது. அந்த மாடலில் எஞ்சின் மூடியும் முகப்பும் ஒரே தகட்டில் அடித்தவை. நசுங்காத மூடி வேறு எங்காவது இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. இருபது வருடம் விசாரித்துவிட்டுச் சொல்கிறேன்.

அதைவிடப் பெரிய விஷயம், அதன் பச்சை நிறம் தொழிற்சாலையில் அடித்தது. யாரும் மேலே தூரிகை வைக்கவில்லை. பழைய வண்டி சேகரிக்கிற எங்கள் ஆட்கள் அடிக்கடி சொல்வார்கள், வண்டி அசலாக இருப்பது ஒரே ஒரு தடவைதான் என்று. மறு பெயிண்ட் அடித்துவிட்டால் எவ்வளவு பளபளத்தாலும் அது வேறு வண்டி.

அப்பேர்ப்பட்ட வண்டி லோவெலுக்கு வாய்த்தது. நாய் பெற்ற தெங்கம்பழம்தான். தானும் ஒழுங்காக வைத்துக்கொள்ள மாட்டான், இன்னொருவனுக்கும் தர மாட்டான். சைலன்சரில் மழைநீர் இறங்காமலிருக்க ஒரு தகர டப்பா கவிழ்க்க வேண்டும். அதைக்கூட மறந்துவிடுவான். எலி கூடு கட்டிய எஞ்சினை மூன்று முறை நான்தான் பிரித்துச் சுத்தம் செய்தேன்.

"ஏன்டா அதை மழையில போட்டு வெச்சிருக்க?" என்று கேட்டால், "குளிக்குதுடா. உன்ன மாதிரி பல் தேய்க்கிற பிரஷ்ஷை வெச்சுக்கிட்டு இடுக்கு இடுக்கா தேச்சுவிட எனக்கு நேரமில்ல" என்பான்.

"என்கிட்ட குடுத்துடு. உள்ள நிறுத்தி வெக்கிறேன்."

"செத்தா உனக்குத்தான்டா. கொஞ்சம் பொறு, என்ன அவசரம்?"

இதில் ஒரு வழக்கத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சேகரிக்கிறவன் செத்தால் மகளும் மருமகனும் வந்து எல்லாவற்றையும் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவார்கள். அதனால் எங்களில் ஒவ்வொருவரும் வண்டியின் இருக்கைக்கு அடியில் ஒரு பேப்பர் டேப்பை ஒட்டி, தனக்குப் பிறகு யாருக்கு என்று பெயரை எழுதி வைப்போம். எங்கள் உயில் வக்கீலிடம் இருக்காது, இருக்கைக்கு அடியில் இருக்கும். பதினோரு வருடத்துக்கு முன், பழைய டிராக்டர்களுக்கு நடக்கும் ஆகஸ்ட் கண்காட்சியில், நாலு பேர் பார்க்க, லோவெல் என் பெயரை எழுதி ஒட்டினான். அன்றிலிருந்து இலவு காத்த கிளிதான் நான். அவனுக்குச் சளி பிடித்தால்கூட எனக்கு ஒரு நினைப்பு ஓடும். அதில் தப்பில்லை. என் பெயரை எழுதியவன் அவன்தானே?

போன ஏப்ரலில் ஒரு மதியம் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தோம். அவன் வாய் நிறையப் பன்றி வறுவல் வைத்த ரொட்டி. மென்றுகொண்டே சொன்னான்.

"வர்ஜில், அந்தப் பச்சையை அறுக்கப் போறேன்டா. சட்டத்தை ஒரு அடி நீட்டி, ரெட்டை சிலிண்டர் எஞ்சினை உக்கார வெச்சு, இழுவைப் போட்டிக்கு எறக்கலாம்னு இருக்கேன்."

"எழுபத்தோரு வயசுல உனக்கு இழுவைப் போட்டி கேக்குதா?"

"மூடி இடிக்கும். அதைக் கழட்டித் தூரப் போட்டுடலாம்." என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். "அழுடா. நீ அழுதா அறுக்க மாட்டேன். அடியில இருந்த உன் பேரையும் பிச்சாச்சு."

நான் அழவில்லை. தட்டிலிருந்த இனிப்பைக் கடைசித் துண்டுவரை சாப்பிட்டேன். ஆனால் அன்றிலிருந்து தூக்கம் போய்விட்டது. ஒவ்வொரு நாளும் அவன் கொட்டகையிலிருந்து அறுக்கிற மிஷின் சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். பதினோரு வருடம் காத்திருந்த மனுஷனிடம் இப்படிப் பேசலாமா? நீங்களே சொல்லுங்கள். சரி, நீங்கள் சொல்ல மாட்டீர்கள்.

ஜூன் மாதம், சனிக்கிழமை, காலை எட்டரை. புல்லில் பனி சொட்டிக்கொண்டிருந்தது. அவன் குளத்துக் கரையின் சரிவில் வெட்டிக்கொண்டிருப்பது என் வாசலில் கேட்டது. கார்வுட் சத்தத்தை நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். திடீரென்று அது உயர்ந்து, இரண்டு முறை இருமி, நின்றது. நடந்து போனேன். நானூறு எட்டு தூரம்.

வண்டி சரிவுக்குக் கீழே வாய்க்காலில் தலைகீழாகக் கிடந்தது. அதற்கு அடியில் லோவெல், மல்லாந்து. சேறு மெத்தை மாதிரி இருந்ததால் மூடி நசுங்கவில்லை. நான் குனிந்து பார்த்தேன், ஒரு சின்னப் பள்ளம்கூட இல்லை.

"வந்துட்டியா?" என்றான் லோவெல். மூச்சு சிறியதாக வந்தது. "நெஞ்சு மேல ஏறி உக்காந்திருக்குடா. கொட்டகையில சங்கிலி தொங்குது. பிக்கப்புல சாவி இருக்கு. கட்டி இழு."

அவன் சொன்னது சரிதான். கொட்டகை இருபது எட்டில் இருந்தது. ஐந்து நிமிட வேலை. ஆனால் அந்தக் கிடையில் சங்கிலி போட வேண்டுமென்றால் மூடியைச் சுற்றித்தான் போட முடியும். சங்கிலி இறுகினால் அந்தத் தகடு அப்பளமாகிவிடும்.

"சங்கிலி போட்டா மூடி போயிடும்டா" என்றேன்.

அவன் சிரித்தான். சிரிக்க முயன்றான் என்று வைத்துக்கொள்ளுங்கள். "தமாஷ் பண்ண நல்ல நேரம் பாத்த."

என் சட்டைப் பையில் போன் இருந்தது. ஏன் கூப்பிடவில்லை என்று மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். மூன்று வருடத்துக்கு முன் இதே மாதிரி ஒரு பெரியவர் மாட்டிக்கொண்டார். தீயணைப்பு ஆட்கள் வந்தார்கள், நல்ல பையன்கள், வேலை தெரிந்தவர்கள். வந்ததும் வண்டியின் சட்டத்தை இரண்டு இடத்தில் வெட்டிப் பிரித்து ஆளை எடுத்துவிட்டார்கள். பெரியவர் இன்றும் நடமாடுகிறார். வண்டி பழைய இரும்புக்குப் போனது. அது அவர்கள் முறை. எனக்கு வேறு முறை தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

என் வீட்டில் அகலமான நைலான் பட்டைகள் இருந்தன. தகட்டைக் கீறாமல் வண்டி தூக்குவதற்காகவே வாங்கியவை. "இருடா, பட்டை எடுத்துக்கிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

"வர்ஜில்" என்றான். அப்புறம், "வர்ஜில், சங்கிலி போதும்டா" என்றான்.

நான் ஓடவில்லை. பதறாத காரியம் சிதறாது. பட்டைகள் அலமாரியின் அடியில், ஆறாவது வண்டியின் பனி தள்ளும் பலகைக்குப் பின்னால் கிடந்தன. அதை நகர்த்த வேண்டியிருந்தது. பட்டைக்கும் தகட்டுக்கும் நடுவில் வைக்கக் கம்பளியும் வேண்டும். முதலில் எடுத்ததில் மணல் ஒட்டியிருந்தது. மணல் பெயிண்டைத் தேய்த்துவிடும். அதனால் வீட்டுக்குள் போய்ப் படுக்கையிலிருந்து ஒரு சுத்தமான கம்பளியை உருவிக்கொண்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது அவன் பேசவில்லை. வண்டிக்கு உள்ளே டக் டக் என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. ஏதோ கழன்று ஆடுகிறது என்று நினைத்தேன். "பொறுடா, பொறு" என்று சொல்லிக்கொண்டே கம்பளியை மடித்து வைத்து, இரண்டு பக்கமும் பட்டையைச் சமமாகப் பூட்டினேன். ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கினால் சட்டம் முறுக்கிக்கொள்ளும். அதனால் ஒருமுறை அவிழ்த்து மறுபடி பூட்டினேன். அதற்குள் டக் டக் நின்றுவிட்டது. அவன் பிக்கப்பிலேயே பட்டைகளை மாட்டி, மெதுவாக, அங்குலம் அங்குலமாக இழுத்தேன். வண்டி நான்கு சக்கரத்தில் வந்து நின்றது. ஒரு நசுங்கல் கிடையாது. அதைவிடச் சுத்தமாக யாரும் செய்திருக்க முடியாது என்று இன்றைக்கும் சொல்வேன்.

லோவெலின் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தேன். பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன். வாய்க்கால் தண்ணீர் எஞ்சினுக்குள் போயிருந்தால் உடனே வெளியேற்ற வேண்டும். விட்டால் உள்ளே துருப்பிடித்துவிடும். அதை முடித்துவிட்டுத்தான் போன் செய்தேன். இப்போதுதான் வந்து பார்த்தேன் என்று சொன்னேன். அது பொய். ஒத்துக்கொள்கிறேன்.

அரை மணி நேரத்துக்குள் எடுத்திருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் எழுதியிருப்பதாகச் சொல்கிறீர்கள். எனக்கு நாற்பத்தைந்து நிமிடம் ஆயிற்று. பட்டைகள் கைக்கு எட்டும் இடத்தில் இருந்திருந்தால் கதை வேறு.

அடக்கம் முடிந்த வாரம் அவன் மகள் ஜோலீன் வண்டியை இழுத்துவந்து என் கொட்டகை வாசலில் விட்டாள். "அப்பாவுக்கு கடைசியில கூட இருந்தது நீங்கதான், வர்ஜில் அங்கிள். வேற யாருக்குக் குடுப்பேன்?" என்று என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். நானும் அழுதேன். உண்மையாகத்தான் அழுதேன்.

அவள் போன பிறகு இருக்கையை மடக்கிப் பார்த்தேன். பழைய டேப் அங்கேயே இருந்தது. அதற்குக் கீழே புது டேப் ஒன்று, இந்த ஏப்ரல் தேதி போட்டு, அவன் கோழிக் கிறுக்கலில்: "இன்னமும் வர்ஜிலுக்குத்தான். அறுக்கவும் மாட்டேன். முகம் போன போக்கைப் பார்க்கணுமே." விளையாட்டுக்குச் சொன்னான் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அவன். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

ஆகஸ்ட் கண்காட்சியில் ஏழையும் வரிசையாக நிறுத்தினேன். ஏழையும் ஒன்றாக யாரும் அதுவரை பார்த்ததில்லை. நடுவர் மார்னா ஷ்டக்கி என் நாற்பது வருடத் தோழி. பச்சை வண்டிக்குக் கீழே டார்ச்சோடு மண்டியிட்டவள் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

"வர்ஜில், இடது மட்கார்டுக்கு உள்பக்கம் உள்ளங்கை அளவுக்குப் புது பெயிண்ட் அடிச்சிருக்கியே" என்றாள். "நீயா அடிச்ச?"

"துரு இருந்துச்சு."

"துருவை நீ துருவாவே விட்டுடுவியேப்பா. உன்ன எனக்குத் தெரியாதா?"

அவள் ஜோலீனிடம் பேசியிருக்கிறாள். ஜோலீன் உங்களிடம் வந்திருக்கிறாள். நீங்கள் வண்டியை இங்கே கொண்டுவந்து அந்தப் பெயிண்டைச் சுரண்டியிருக்கிறீர்கள். அது அவசியமில்லை. என்னைக் கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன்.

அங்கே கீறல்கள் இருந்தன. அவனுடைய கல்யாண மோதிரத்தால் தட்டித் தட்டி, பிறகு பிறாண்டி, தகடு தெரிகிற அளவுக்கு. அறுபது வருடம் யாருமே தொடாத பெயிண்ட், மேடம். நான் பட்டையைப் பூட்டுவதற்குள் அவனுக்குப் பொறுமை இல்லை. அந்தக் கீறல்களை மட்டும்தான் நான் சரிசெய்தேன். மற்றபடி வண்டி அசலாகத்தான் இருக்கிறது. அதை மழையில் நிறுத்தி வைக்காதீர்கள்.