பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய துப்பாக்கி

ஒரு பொருளை எடுப்பதற்கு முன் நாலு இடத்தில் விசாரித்துப் பார்ப்பது என் பழக்கம். அபுதாபி பக்கம் ருவைஸில் எங்கள் குடியிருப்பில் யார் மிக்ஸி வாங்கினாலும், டிவி வாங்கினாலும், "பத்திநாதன் அண்ணன்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கோங்க" என்பார்கள். நான் சொல்லி வாங்கிய பொருள் பழுதாகிக் கடைக்குத் திரும்பிப் போனதாகச் சரித்திரம் இல்லை. இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், உங்கள் ஷூட்டிங் கிளப்பில் நடந்ததைச் சிலர் பொறாமை என்றும் சிலர் பைத்தியம் என்றும் பேசுவதாகக் கேள்விப்பட்டேன். இரண்டும் இல்லை. ஓர் ஒப்பீடு நடந்தது. அது கொஞ்சம் நீண்டுவிட்டது.

மேனேஜர் சார், நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். அனுமதியில்லாமல், துப்பாக்கிமேல் குறிபார்க்க வைத்திருக்கும் ஸ்கோப்பின் திருகைத் தொட்டாயா? தொட்டேன். கேமராவில் தெரிவது என் கைதான். அத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் தாய்மொழியிலேயே எழுதலாம், கவுண்டரில் இருக்கும் நிஜாம் அதை மொழிபெயர்த்துத் தருவான் என்றீர்கள். தமிழில் எழுத உட்கார்ந்தால் அரைகுறையாக எழுத எனக்கு வராது. தம்பி நிஜாம், உன்னைப் பற்றி வரும் இடங்களையும் விட்டுவிடாமல் மாற்று.

நான் பிளான்ட்டில் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீசியன். அழுத்தம் காட்டும் மீட்டர், வெப்பம் காட்டும் மீட்டர் எல்லாம் ஒழுங்காகக் காட்டுகிறதா என்று பார்த்து, சரிசெய்து, பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவது என் வேலை. நான் பச்சை ஒட்டிவிட்டால் அதற்குமேல் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். என் மனைவி எலிசா நர்ஸ். குழந்தைகள் வார்டு. பிறந்து சில நாளே ஆன பிள்ளைக்கு ஊசி ஏற்ற நரம்பு கிடைக்கவில்லை என்றால் மற்ற வார்டிலிருந்துகூட அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஒரே குத்தில் ஏற்றிவிட்டு வந்துவிடுவாள். அவளுடைய கையைப் பற்றிக் குடியிருப்பில் பெருமையாகப் பேசுவார்கள். நானும் பேசியிருக்கிறேன்.

எங்கள் மகள் ரெஷ்மா சதா நேரமும் போனில் கிடந்தாள். குடும்பமாகச் சேர்ந்து எதையாவது செய்வோம் என்று யோசித்தபோதுதான் நிஜாம் உங்கள் குடும்ப உறுப்பினர் திட்டத்தைச் சொன்னான். ஒரு வருஷத்துக்கு ஒரு துப்பாக்கியை எங்கள் பெயரில் ஒதுக்கிவைப்பீர்கள். அதற்கு முன் இரண்டு துப்பாக்கிகளைச் சோதித்துப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டும் ஒரே ரகம். பாயிண்ட் டூ-டூ. சின்னத் தோட்டா. ஒருமுறை இழுத்தால் ஒன்று சுடும், அடுத்தது தானாக ஏறிக்கொள்ளும். தோளில் உதைக்காது. பெண்கள், பிள்ளைகளோடு அட்டையில் குறிபார்த்துச் சுட இதைவிட வேறு வேண்டாம். ஒன்றுக்கு மர உடம்பு, இன்னொன்றுக்குக் கறுப்புப் பிளாஸ்டிக் உடம்பு. வீட்டில் மரக்கட்டை என்றும் கறுப்பு என்றும் சொல்வோம்.

இந்த இரண்டையும் வைத்து யார் யார் எங்கே பேசியிருக்கிறார்களோ அத்தனை வீடியோவையும் பார்த்தேன். அடுப்பில் மீன் குழம்பு அடிப்பிடித்தது தெரியாமல் பார்த்தேன். ஊருக்குப் போகும்போது பெட்டியின் எடை பார்க்கிற கொக்கித் தராசைக் கிளப்புக்கே கொண்டுவந்து இரண்டையும் தொங்கவிட்டு நிறுத்தேன். நிஜாம் சிரித்தான். நான் கண்டுகொள்ளவில்லை. மரக்கட்டையில் தோட்டாப் பெட்டி அடியில் துருத்திக்கொண்டு நிற்காது. கறுப்பில் நிற்கும். தவிர, கறுப்பின் பாதுகாப்பு விசை வலதுகைக்காரருக்குத்தான் வசதி. "நம்ம வீட்டுல எல்லாரும் வலதுகைதானே" என்றாள் எலிசா. நாளைக்கு வருகிற மருமகன் இடதுகைக்காரனாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். ரெஷ்மா ஒன்பதாம் வகுப்புதான் படிக்கிறாள், உறுப்பினர் காலமும் ஒரு வருஷம்தான். இருந்தாலும் குடும்பத் தலைவன் கொஞ்சம் தள்ளி யோசிக்க வேண்டும். மரக்கட்டைதான் என்று முடிவு செய்தேன். குடியிருப்பிலும் நாலு பேரிடம் சொல்லிவிட்டேன்.

எலிசா எதையும் படிக்கவில்லை, பார்க்கவில்லை. இரண்டையும் ஒருமுறை தூக்கிப் பார்த்தாள். "இதுதான் எனக்க தோளுக்கு ஒத்துப் போவுது" என்று கறுப்பை எடுத்துக்கொண்டாள். ஐந்து சுட்டாள். ஐந்தும் ஒரு திர்ஹம் நாணயத்தை வைத்தால் மறைந்துவிடும் அளவு இடத்தில் போய் விழுந்தன. நிஜாம் பக்கத்து மேசைக்காரர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினான். "அண்ணே, அக்காவ பேசாம ஒலிம்பிக்குக்கு அனுப்பிருங்க" என்றான். அதன் பிறகு நான் மரக்கட்டையில் சுட்டேன். என்னுடையதும் அட்டையில்தான் விழுந்தது.

எலிசா சுட்ட அட்டையை ரெஷ்மா வீட்டுக்குக் கொண்டுவந்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் அதைப் பார்த்தேன். அது என்னைப் பாதித்தது என்று சொல்ல மாட்டேன். தண்ணீர் குடிப்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

நான் அதிகாரம் செய்கிற புருஷன் இல்லை, சார். "மரக்கட்டைதான், கலாஸ்" என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். எத்தனையோ வீட்டில் அப்படித்தான் நடக்கிறது. என் மனைவியும் மகளும் தாங்களாகவே உணர்ந்து மரக்கட்டைக்கு வர வேண்டும் என்று நினைத்தேன். அதற்காகச் சோதனைக் காலத்தை நீட்டித் தரக் கேட்டேன். நீங்களும் தந்தீர்கள். அதற்கு இப்போதும் நன்றி.

கறுப்பை நான் வேண்டுமென்றே ஒதுக்கினேன் என்ற பேச்சு வந்துவிடக் கூடாது. அதனால் அடுத்த சனிக்கிழமை அதை நன்றாகத் துடைத்து, சோதித்து, பிளான்ட்டில் ஒட்டுகிற பச்சை ஸ்டிக்கர் ஒன்றை அதன்மேல் எல்லோர் முன்பாகவும் ஒட்டினேன். தேதி எழுதிக் கையெழுத்தும் போட்டேன். பிறகு எலிசாவும் ரெஷ்மாவும் காதுக்கு மாட்டுவதை வாங்கக் கவுண்டருக்குப் போனபோது, ஸ்கோப் திருகின் மூடியைக் கழற்றி, நாணயத்தை வைத்து இடதுபக்கம் கொஞ்சம் திருப்பினேன். டிக் டிக் என்று சத்தம் வரும். அவ்வளவுதான். எதையும் நான் உடைக்கவில்லை.

அன்றைக்கு அவள் சுட்டதெல்லாம் இடதுபக்கம் தள்ளி விழுந்தது. ஆனால் எலிசா கெட்டிக்காரி. "கை இடதுபக்கம் இழுக்குது போல" என்று கொஞ்சம் வலதுபக்கம் பிடித்துச் சுட்டு, கிளம்புவதற்குள் மறுபடியும் நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டாள். இங்கே என் தொழிலில் உள்ள ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். ஒரு மீட்டர் எப்போதும் இரண்டு கூட்டியே காட்டினால் அது பெரிய குறை இல்லை, இரண்டைக் கழித்துப் படித்துக்கொள்ளலாம். இன்று கூட்டியும் நாளை குறைத்தும் காட்டுகிற மீட்டரைத்தான் தூக்கிப் போடுவோம். ஆகவே அடுத்த வாரம் வலதுபக்கம் திருப்பினேன். அதற்கடுத்த வாரம் மேலே. பிறகு மறுபடி இடதுபக்கம்.

நான் காத்திருந்தது ஒரே ஒரு வாக்கியத்துக்காக. "இந்தத் துப்பாக்கி சரியில்ல, மரக்கட்டையே எடுப்போம்." அதை மட்டும் அவள் சொல்லியிருந்தால் அன்றே எல்லாவற்றையும் பழையபடி திருப்பி வைத்துவிட்டு நிம்மதியாகப் பிரியாணி சாப்பிடப் போயிருப்போம். அவள் சொல்லவில்லை. ஸ்டிக்கரைத் தொட்டுப் பார்த்தாள். "நீங்க பாத்து ஒட்டியிருக்கியளே. இதுல ஒண்ணும் இருக்காது. எனக்க கண்ணுலதான் என்னமோ" என்றாள்.

இது நான் எதிர்பாராதது. இத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்தும், ஒரு பொருளைக் குறை சொல்லத் தெரியாதவள் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. ஸ்டிக்கரைக் கிழித்துவிடலாமே என்பீர்கள். கிழித்தால் நான் தப்பாகப் பார்த்து ஒட்டினேன் என்று ஆகிவிடும். என் தொழிலில் அப்படி நடந்ததே இல்லை. மரக்கட்டையின் திருகை நான் தொடவே இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அதிலாவது அவள் நன்றாகச் சுட்டிருக்கலாம். ஆனால் கறுப்பில் கலங்கிப் போனவள், மரக்கட்டையை எடுத்தபோதும் எப்போது மூச்சைப் பிடிப்பது, எப்போது இழுப்பது என்று தெரியாமல் திணறினாள். "ரெண்டும் எனக்கு ஒண்ணுதான் இப்போ" என்றாள். மரக்கட்டையைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை.

நான் அவளைக் கைவிட்டுவிடவில்லை. கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். கண்ணில் குறையே இல்லை என்றார். எனக்கு அந்த டாக்டர்மேல் நம்பிக்கை வரவில்லை. நாலு இடத்தில் விசாரித்து அபுதாபியில் இன்னொருவரிடம் காட்டினேன். பிறகு சர்க்கரை பார்த்தோம். பிறகு நரம்பு டாக்டர். ஒவ்வொரு தடவையும் நான்தான் லீவு போட்டுக் கார் ஓட்டினேன். வழியில் டீக்கு நிறுத்தினால் அவள் கிளாஸைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கை ஆடுகிறதா என்று பார்ப்பாள். அப்படிப் பார்த்துக்கொண்டே இருந்தால் யார் கையும் ஆடத்தான் செய்யும். அவள் கையும் ஆட ஆரம்பித்தது.

ஒருநாள் டூட்டியில் ஒரு கைக்குழந்தைக்கு மூன்று தடவை குத்தியும் அவளுக்கு நரம்பு கிடைக்கவில்லை. கூட வேலை செய்யும் ஷியாமளா வந்து ஏற்றினாள். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. எலிசாதான் அன்று சாப்பிடவில்லை. "இனி நான் பிள்ளைகளத் தொடமாட்டேன்" என்று அவளாகவே எழுதிக்கொடுத்து மேசை வேலைக்கு மாறிக்கொண்டாள். மேசை வேலைக்கு நைட் டூட்டி கிடையாது. குடும்பத்துக்கு ஒரு வகையில் நல்லதுதான்.

அதற்குப் பிறகாவது விட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். யோசித்தேன். வருத்தமாகவும் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தச் சனிக்கிழமை காரில் ஏறும்போதே அவள் சொன்னாள். "அந்தக் கறுப்புல ஒரு தடவையாவது பழையபடி சுட்டுட்டேன்னா, எனக்க கைக்கு ஒண்ணுமில்லன்னு நம்பிருவேன். திரும்ப வார்டுக்குப் போயிருவேன்." அப்போதும் கறுப்புதான். அவ்வளவு அடம் பிடித்தால் ஒரு மனுஷன் என்ன செய்வான்? மேலே கொஞ்சம், வலதுபக்கம் நிறையவே திருப்பினேன்.

அன்றைக்கு அவள் அட்டையைப் பார்த்துவிட்டு அழுதாள். நிஜாமுக்குப் பொறுக்கவில்லை. மணல் மூட்டையில் கறுப்பை அசையாமல் வைத்து அவனே சுட்டுப் பார்த்தான். எல்லாம் ஓரத்தில் போய் விழுந்தன. நான் ஒட்டிய பச்சையை நம்பாமல் சோதித்துப் பார்த்தவன் என் வாழ்க்கையில் அவன் ஒருவன்தான். இது எனக்கு மரியாதைக் குறைவாகத்தான் பட்டது. பிறகு கேமராவில் பதிவானதைப் பார்த்தான். எலிசாவையும் ரெஷ்மாவையும் கூப்பிட்டுக் காட்டினான். தம்பி நிஜாம், அப்போது நீ என்னைத் திட்டிய வார்த்தையையும் சேர்த்து மொழிபெயர்க்கலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை.

ரெஷ்மா, "வொய், பா? இட்ஸ் ஜஸ்ட் எ கன்" என்றாள். வெறும் துப்பாக்கி இல்லை, தப்பான துப்பாக்கி என்பதுதான் விஷயம். அதை அவளுக்கு விளக்க நேரம் கிடைக்கவில்லை. எலிசா துப்பாக்கியைப் பற்றிப் பேசவே இல்லை. "மூணு தடவ குத்துனேன் அந்தப் பிள்ளைய" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே சொன்னாள். நடந்துகொண்டிருந்த விஷயத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை.

நிஜாம் ஸ்கோப்பைச் சரிசெய்தான். அவன் சுட்டபோது எல்லாம் நடுவில் விழுந்தன. "அக்கா, உங்க மேல ஒரு குத்தமும் இல்ல. இப்ப சுடுங்க, நீங்களே பாருங்க" என்று கறுப்பை அவளிடம் கொடுத்தான். எலிசா உட்கார்ந்தாள். ஐந்து சுட்டாள். ஒன்று அட்டையின் ஓரத்தில், ஒன்று மேல்மூலையில். மற்றவை அட்டையிலேயே படவில்லை. துப்பாக்கியை மெதுவாக வைத்துவிட்டுத் தன் வலதுகையை இடதுகையால் பிடித்துக்கொண்டாள். நிஜாம் தலையைக் குனிந்துகொண்டான். எலிசாவும் ரெஷ்மாவும் இப்போது ஷியாமளா வீட்டில் இருக்கிறார்கள். எலிசாவுக்குக் கொஞ்சம் ஓய்வு தேவைதான்.

நீங்களே நிதானமாக யோசித்துப் பாருங்கள், சார். துப்பாக்கி சரியாக இருக்கிறது, திருகு சரியாக இருக்கிறது, நான் பக்கத்தில்கூட இல்லை. அப்போதும் கறுப்பு அவளுக்குப் பொருந்தவில்லை. இதைவிட நியாயமான சோதனை இருக்க முடியாது. ஆகவே எங்கள் குடும்பத்தின் பெயரில் மரக்கட்டையையே ஒதுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அதில் மனைவியின் கையெழுத்தும் வேண்டும் என்று இருக்கிறது. அவளால் இப்போது பேனாவை நிறுத்திப் பிடிக்க முடியாது. பாவம், அவளைச் சிரமப்படுத்த வேண்டாம் என்று அதையும் நானே போட்டுவிட்டேன்.