நாலு சக்கரமும் சுடுது

— கையை வெக்காதீங்க மாமா! தோல் உரிஞ்சிடும்.

— நான் வெக்கலை மாப்ளை. கிட்ட கொண்டுபோனேன், அவ்வளவுதான். பிரேக் டிரம் அடுப்பாட்டம் கொதிக்குது. என்னத்த ரிப்பேர் பண்ணீங்க?

— நாலு சக்கரத்துலயும் டிரம்மைக் கழட்டி, உள்ள உரசற பிரேக் ஷூவைத் தளர்த்தி வெச்சேன் மாமா. ஸ்பிரிங் எல்லாம் புதுசு. ஹேண்ட் பிரேக் கேபிளைக்கூட மாத்தியாச்சு.

— மாத்தியாச்சு, மாத்தியாச்சு! இந்த வண்டில இனி மாத்தாம மிச்சம் இருக்கறது ஹாரன் ஒண்ணுதான்.

— அப்பா, அவர்மேல எரிஞ்சு விழாதீங்க. உங்க பழைய காருக்காக மத்த வேலையெல்லாம் தள்ளிவெச்சுட்டு ஷெட்டுல கிடக்கறாரு. நேத்து என்ன ஆச்சுன்னு முழுசாச் சொல்லுங்க. போன்ல பாதி சொன்னீங்க, பாதியை முழுங்கிட்டீங்க.

— என்னத்தச் சொல்றது கண்ணு. கல்யாணச் சவாரி, ஜோடி பின்னால உக்காந்திருக்கு. பாலத்துல ஏறி இறங்கறேன். 'ஐயா, ஏதோ கருகற வாடை வருதுங்க'ன்னு அந்தப் பொண்ணு சொல்லுது. கண்ணாடில பாத்தா ஒரே புகை. பிரேக்கை மிதிச்சேன். பஞ்சு மாதிரி உள்ள போச்சு. வண்டி நிக்கலை.

— ஐயோ! எதிர்ல யாராவது?

— ஸ்கூல் விட்டுப் பசங்க ரோட்டைக் கடக்கறாங்க. ஸ்டியரிங்கை ஒடிச்சு பிளாட்பாரத்துல ஏத்தினேன். முட்டி நின்னுது.

— யாருக்கும் அடி இல்லையே?

— இல்ல. ஒரு பையன் மட்டும் சிரிச்சுக்கிட்டே கை தட்டினான். ஏதோ வித்தை காட்டறேன்னு நெனச்சுட்டான் போல. கல்யாணப் புடவையை ரெண்டு கையால தூக்கிப் பிடிச்சுக்கிட்டு அந்தப் பொண்ணு மீதித் தூரம் நடந்தே போச்சு. எனக்கு அது பெருசா இல்ல. கண்ணை மூடினா அந்தப் பசங்கதான் வராங்க.

— அப்போ வித்துடலாம்ப்பா. நானும் எத்தனை தடவைதான் சொல்றது?

— வித்துட்டு? ஜன்னலோரமா உக்காந்துக்கிட்டு, ரிவர்ஸ் எடுக்கற அடுத்த வீட்டுக்காரனுக்கு 'வரலாம், வரலாம்'னு சொல்லவா?

— மாமா, நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. ஒரு சக்கரம் சுட்டா அந்தச் சக்கரத்துல கோளாறு. இங்க நாலும் ஒரே மாதிரி சுடுது. அப்போ கோளாறு நாலுக்கும் பொதுவான இடத்துல இருக்கணும்.

— நாலுக்கும் ஆயில் தள்ற மாஸ்டர் சிலிண்டர்தானே? அதையும் புதுசு போட்டீங்களே.

— போட்டேன். பெடல்ல எவ்வளவு ஆட்டம் இருக்கணுமோ அவ்வளவு இருக்கு. ஆயில் டியூப்ல அடைப்பு இல்ல. எல்லாமே சரியா இருக்கு மாமா. அதான் பயமா இருக்கு.

— சரியா இருந்தா ஏன் சுடுது?

— அதுதான் எனக்கும் புரியலை. காலைல நான் ஊரையே ஒரு சுத்து சுத்திட்டு வந்தேன். டிரம்மைத் தொட்டா வெதுவெதுன்னுதான் இருந்துச்சு. இப்போ நீங்க கடைத்தெரு வரைக்கும் போயிட்டு வந்தீங்க. இதோ, புகையுது.

— ஓஹோ! சுத்தி வளைச்சு என் தலைலயே கட்டறீங்களா? நீங்க பொறக்கறதுக்கு முன்னாடியே லைசென்ஸ் வாங்கினவன்யா நான்!

— அப்படிச் சொல்லலை மாமா. இறக்கத்துல கொஞ்சம் அதிகமா மிதிக்கறீங்களோன்னு...

— பிரேக்கைத் தேய்ச்சுத் தேய்ச்சு ஓட்டறவனா நான்? கியர்லயே வண்டியை அடக்கறவன். கேட்டுப் பாருங்க, உங்க பொண்டாட்டி இந்த வண்டிலதான் வளந்தா.

— அது உண்மைங்க. அப்பா பிரேக் போட்டா எங்களுக்குத் தூக்கம்கூடக் கலையாது.

— சரி, இருங்க. பேசிப் பேசியே அரை மணி நேரமாச்சு, டிரம் ஆறிடுச்சு. பின்பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கிட்டேன். மாமா, சீட்டுல உக்காருங்க. ரோட்டுல எப்படி ஓட்டுவீங்களோ அப்படியே பண்ணுங்க. முதல்ல கிளட்ச், அப்புறம் பிரேக். நான் பின்னால சக்கரத்தைச் சுத்திப் பாக்கறேன். ஏம்மா, நீ அந்தக் கதவுகிட்ட உக்காந்து உள்ள டார்ச் அடி. பெடல் முழுசா மேல வருதான்னு பாரு.

— உக்காந்துட்டேங்க. அடிக்கறேன்.

— கிளட்ச் மிதிச்சு விட்டாச்சு மாப்ளை. இப்போ பிரேக். மிதிச்சிட்டேன்.

— பிடிக்குது. நல்லாப் பிடிக்குது. விடுங்க.

— விட்டாச்சு.

— இன்னும் பிடிச்சிருக்கே. முழுசா விடுங்க மாமா.

— விட்டுட்டேன்னு சொல்றேன்ல! காலை ஆக்ஸிலேட்டருக்கு மாத்தியாச்சு.

— சுத்தவே மாட்டேங்குது. ரெண்டு கையால இழுத்தும் அசையலை.

— என்னதான் பண்றது இப்போ?

— தெரியலை மாமா. மனசுவிட்டுச் சொல்றேன், தெரியலை. இதுல இனி கழட்டறதுக்கு எதுவும் இல்ல. நான் தோத்துட்டேன்.

— சரி. விடுங்க மாப்ளை. உங்களைத் திட்டினதை மனசுல வெச்சுக்காதீங்க. நாளைக்கே ஆளைக் கூப்பிடுங்க, எடுத்துட்டுப் போகட்டும். பழைய இரும்புக்குப் போட்டாலும் சரி. அந்தப் பசங்கமேல ஏறியிருந்தா நான் இன்னிக்கு உங்ககூட உக்காந்து பேசிக்கிட்டா இருப்பேன்?

— அப்பா...

— நீ ஒண்ணும் சொல்லாத கண்ணு. வித்துடுன்னு நீதானே சொன்ன? இப்போ டார்ச்சை ஏன் இப்படி ஆட்டற? அழறியா? ஒரு தகர டப்பாவுக்குப் போய் யாராவது அழுவாங்களா?

— மாமா! ஒரு நிமிஷம்! சக்கரம் சுத்துது!

— என்னது?

— சுத்துது மாமா! ஒரு விரல்ல தள்ளினாப் போதும், ஜம்முனு ஓடுது. இப்போ என்ன பண்ணீங்க? எதையோ பண்ணியிருக்கீங்க, அதைச் சொல்லுங்க. கோளாறு மாட்டிக்கிச்சு!

— நான் ஒண்ணுமே பண்ணலையே. வெச்ச இடத்துலயே கையும் காலும் அப்படியேதான் இருக்கு.

— அப்போ நீதான். ஏம்மா, பெடலைத் தொட்டியா?

— பெடலைத் தொடலைங்க.

— பின்ன?

— அப்பாவோட இடது கால் பிரேக்மேல இருந்துச்சுங்க. கிளட்ச்லேர்ந்து எடுத்ததை அதுமேலதான் வெச்சிருந்தாரு. அப்பா அப்பான்னு காலைத் தட்டினேன், திரும்பிக்கூடப் பாக்கலை. அப்புறம் ரெண்டு கையாலயும் தூக்கிக் கீழ வெச்சேன்.

— என் காலையா? எப்பம்மா? தொட்டதே தெரியலையே.