மைனஸ் ஒன்பது கண்ணும் சிவப்புத் தாளும்

மேடையில் வீற்றிருக்கும் மூத்த மருத்துவர்களே, செங்கம் சாலை வணிகப் பெருமக்களே, எங்கள் கண் மருத்துவமனைச் செவிலியர்களே, கண் கலங்கி வந்திருக்கும் நோயாளிகளே! டாக்டர் கலையரசனின் வணக்கம்.

நம் டாக்டர் சந்திரகலா அம்மையார் போய்விட்டார்! சொல்லாமல் கொள்ளாமல் மாரடைப்பில் போய்விட்டார்! இங்கே பேசியவர்கள் அவரைத் துணிச்சல்காரர் என்றார்கள். இல்லை ஐயா, இல்லை! அவர் பயந்தவர். எதற்குப் பயந்தார்? நோய்க்கா? அவசரப்பட்டுச் சொல்லிவிடும் ஒரு வார்த்தைக்கு!

இந்தச் சித்ரா பௌர்ணமிக் கிரிவலக் கூட்டம் வடிந்த மறுநாள், ஆட்டோ ஓட்டும் இளவரசன் வந்தார். மைனஸ் ஒன்பது கண்ணாடி. புது ஸ்கேன் மிஷினில் விழித்திரையைப் படம் எடுத்தோம். நரம்புப் படலம் மெலிந்திருக்கிறது என்று தாள் முழுக்கச் சிவப்பு! கண் அழுத்த நோயோ என்று எல்லோரும் தாளைச் சுற்றிக் கூடிவிட்டோம். "சொட்டு மருந்து ஆரம்பிச்சிடலாம் மேடம்" என்றேன்.

அம்மையார் தாளைக் கவிழ்த்து வைத்தார். "கிட்டப்பார்வைக் கண்ணு நீளமா இருக்கும் கலையரசன். மிஷின் போடற வட்டம் அதுல பெரிசாயி, நரம்பு முனைய விட்டுத் தள்ளி விழுது. அங்க படலம் மெலிசாத்தான் இருக்கும். அத சாதாரணக் கண்ணோட ஒப்பிட்டா சிவப்பு காட்டாம என்ன பண்ணும்? நோயாவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இல்லாத நோய்க்கு ஆயுசு முழுக்க மருந்து ஊத்துவீங்களா?"

ஆறு மாதம் கழித்து இன்னொரு படம். இளவரசன் கண்ணை அவர் கண்ணோடே ஒப்பிடுவது. இன்னும் மெலிந்திருந்தால் நோய். அப்படியே இருந்தால் பெரும்பாலும் கண்ணின் அமைப்பு. இதுதான் அம்மையார் முடிவு.

"அதுக்குள்ள பார்வ போயிட்டா மேடம்? ரெண்டு பொண்ணுங்க இருக்குதுங்க" என்றார் இளவரசன்.

பயப்படாதீர்கள் என்று அம்மையார் சொல்லவில்லை. "எனக்கும் பயமாத்தாங்க இருக்குது. மாசாமாசம் வாங்க, அழுத்தம் பாக்கறேன். எதுன்னாலும் நான் பொறுப்பு" என்றார்.

அந்த ஆறு மாதம் நாளையோடு முடிகிறது. அம்மையார் எங்கே? மிஷினிலிருந்து தாள் வெளியே வரும்போது நான் யார் முகத்தைப் பார்ப்பேன்? அவர் கணக்கு தப்பியிருந்தால்?

சபதம் என்று பெரிதாகச் சொல்ல வாய் வரவில்லை. கடைசி வரிசையில் இளவரசன் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் மட்டும் சொல்கிறேன். ஐயா, நாளைக் காலையில் கட்டாயம் வாருங்கள். சிவப்பை மட்டும் பார்த்து மருந்து எழுத மாட்டேன். உங்களைத் தேற்றுவதற்காக நல்லது என்றும் சொல்ல மாட்டேன். என் முகத்தில் பயம் தெரியலாம். அதைப் பார்த்து மட்டும் எழுந்து போய்விடாதீர்கள்.